எண்ணூர் உமரி

தகடு அன்றைக்கும் காலை வாரிவிட்டது.

ஜஸீமா கணினித் திரையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகட்டின் மின்னூட்டத்தைக் காட்டும் கோடு மெல்ல ஏறியது, கொஞ்ச தூரம் போகிற மாதிரி பாசாங்கு செய்தது, பிறகு பொத்தென்று விழுந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மேசையில், இதே கருவியில், அந்தக் கோடு சமர்த்தாக நீண்டுகொண்டே போயிருக்கிறது. ஒரு தடவை அல்ல, பல தடவை. அன்றைக்குத் துறைக்கே லட்டு கொடுத்தார்கள். லட்டு தின்ற வாய்கள் இப்போது அவளைக் கண்டால் மூடிக்கொள்கின்றன.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மீஞ்சூர் போகிற சாலையில், லாரிப் புழுதிக்கு நடுவே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அதில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே அவள் செய்வது துத்தநாக ஆக்சைடு என்கிற வெள்ளைப் பொடி. அது ஒரு குறைக்கடத்தி. அதன் அணுக்கள் வகுப்பறையில் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஓர் இடம் காலியாக இருந்தாலோ, வேற்று ஆள் ஒருவன் வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டாலோ அதைக் குறை என்பார்கள். பேர்தான் குறை. அளவோடு இருந்தால் மின்சாரம் அந்தக் குறைகளால்தான் தாராளமாக ஓடும்; பொடியைப் பூசிய தகடு மின்னூட்டத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறையை வேண்டிய அளவில் உண்டாக்குவதற்குப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஜஸீமா எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் வளர்கிற உமரிச் செடியைப் பறித்து வந்து சாறு எடுத்தாள், அந்தச் சாற்றில் பொடியைத் தயாரித்தாள், வந்துவிட்டது.

ஏன் வந்தது என்பதற்கு அவளுடைய நெறியாளர் வில்சன் சார் ஒரு கதை வைத்திருந்தார். உமரி உப்பிலும் அனல்மின் நிலையச் சாம்பலிலும் நின்று பிழைக்கிற செடி. அத்தனை பாட்டையும் தாங்குவதற்காகத் தனக்குள் ஆன்டி-ஆக்சிடன்ட் சத்துகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தச் சத்துதான் பொடிக்குள் புகுந்து சரியான அளவில் குறைகளை உண்டாக்குகிறது. கதை நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற கதையை யார் உரசிப் பார்க்கிறார்கள்? வடசென்னைக்காரன் அடிபட்டு அடிபட்டு இறுகினவன் என்று மேடையில் பேசிக் கைதட்டு வாங்குகிறவர்களுக்கெல்லாம் அந்தச் செடி இனித்தது. அடிபட்டால் வலிக்கும், அவ்வளவுதான் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டுரை நல்ல பத்திரிகையில் வந்தது. வந்த பிறகுதான் சனி பிடித்தது. வேறு ஊரில் இரண்டு கூடங்களில் செய்து பார்த்துவிட்டு, எங்களுக்கு வரவில்லையே என்றார்கள். வில்சன் சார் சிரித்துக்கொண்டே, நீ திரும்பச் செய்து காட்டும்மா என்றார். செய்தாள். வரவில்லை. இலை முற்றியதா இளசா என்று பார்த்தாள், உலைச் சூட்டை ஏற்றி இறக்கிப் பார்த்தாள், ரசாயனங்களைப் புதிதாக வாங்கிப் பார்த்தாள். கழிமுகத்தில் முன்பு பறித்த அதே மேட்டில்தான் பறித்தாள். எதற்கும் மசியவில்லை. கடைசியில் பல்கலைக்கழகம் ரோஸ்மேரி என்ற ஒரு பேராசிரியையை நியமித்தது. அவர் முன்னால் அவள் செய்து காட்ட வேண்டும். தகடு வேலை செய்தால் முனைவர் பட்டம். செய்யாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள், பதிவு காலாவதியாகும், பொய்யான எண்களை எழுதினவள் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். அந்தப் பெயரோடு டியூஷன் எடுக்கக்கூட ஒருத்தியும் கூப்பிடமாட்டாள்.

அவள் பொய் எழுதவில்லை. அதுதான் கொடுமை. பொய் எழுதியிருந்தால் எங்கே பொய் என்றாவது தெரிந்திருக்கும்.

இதற்காக அவள் விட்டது கொஞ்சநஞ்சமல்ல. மண்ணடியில் ஒவைஸுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஒவைஸ் கெட்டவன் அல்ல. மாலை ஆறு மணிக்கு மனைவி வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற சாதாரண மனிதன். உலையில் மாதிரிப் பொடி இருக்கும்போது அவளால் ஆறு மணிக்கு வர முடியாது. கூடமா குடும்பமா என்று பெரியவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். கூடம் என்று சொல்லிவிட்டுத் தண்டையார்பேட்டையில் அம்மா தாஹிராவிடமே வந்து சேர்ந்தாள். சொன்ன அன்று பயமில்லை. கோடு நீண்டுகொண்டிருந்த காலம் அது. இப்போது பஸ்ஸில் மண்ணடியைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்த வாழ்க்கையையும் விட்டோம், இதுவும் இல்லை என்றால் நான் யார் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள்.

இந்த வேதனையில் அவளுக்குத் துணை அன்பரசன் ஒருவன்தான். வியாசர்பாடிக்காரன். இடது பக்கம் பந்தைக் கொண்டு ஓடினால் பிடிக்க ஆளில்லை என்று பேர் வாங்கியவன்; முழங்கால் போன பிறகு உடற்கல்வி படித்து, வில்சன் சாரின் இன்னொரு திட்டத்தில் சேர்ந்திருந்தான். அந்தத் திட்டம் ஜஸீமாவின் கட்டுரைக்குப் பிறந்த குட்டி. உமரிக்கு அவ்வளவு சத்து இருக்கிறது என்றால், அதன் சாற்றைக் குடிக்கிற விளையாட்டுக்காரர்களின் உடம்பு அலுப்பிலிருந்து சீக்கிரம் தேறும் அல்லவா? தன் பேட்டை கால்பந்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷமாகச் சாறு கொடுத்து, ஓடவிட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சாறு குடித்தவனுக்கும் வெறும் தண்ணீர் குடித்தவனுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவனுக்கு அது தன் குற்றமாகவே பட்டது. ஜஸீமா அக்கா கண்டுபிடித்தது தப்பாக இருக்காது, நமக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்தான்.

மாதவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் வேலைக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். புதன்கிழமைக்குள் வருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதே புதன்கிழமைதான் ரோஸ்மேரி தகட்டைச் சோதிக்கிற நாளும்.

“அக்கா, ஒன் தகடு வேல செஞ்சா நான் இங்கயே கீறேன்,” என்றான், கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருக்க. “செய்யலன்னா ஸ்கூலுக்குப் போறேன். நீ ஜெயிச்சா நானும் ஜெயிச்ச மாதிரி.”

ஜஸீமா ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

அவளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். கல்லூரியில் அவள் பேசுகிற தமிழே வேறு. சேர்ந்த புதிதில் வாய் தவறி ‘வூடு’ என்று சொல்லப்போய், கூட இருந்த இரண்டு பெண்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்கு அவள் வீட்டைக் கல்லூரி வாசலிலேயே கழற்றி வைத்தவள்தான். இலையைச் சேறு போக எங்கே கழுவுகிறாய் என்று வில்சன் சார் எப்போதோ கேட்டபோது, “நல்ல தண்ணியில சார்,” என்று முடித்துக்கொண்டாள். கல்லூரிக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர், அதில் கழுவினால் இலை கெட்டுவிடும் என்று அவள் வீட்டுக்கு எடுத்துப் போய் அலசி, ராத்திரி முழுக்கப் பேசின் பாத்திரத்தில் ஊறப்போட்டு, காலையில் டப்பாவில் அடைத்துக் கொண்டுவருகிறாள் என்பது யாருக்கும் தெரியாது. கட்டுரையில் ‘இலைகள் நன்கு கழுவப்பட்டன’ என்று ஒரு வரி இருந்தது. எல்லோருடைய கட்டுரையிலும் அந்த வரி இருக்கும்.

ரோஸ்மேரி வருவதற்கு முந்தைய வாரம், ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் தெருவில் சாலை தோண்டிய இயந்திரம் குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டது. தெருவுக்குக் குழாய் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் காலம் முழுக்க லாரித் தண்ணீர்தான். அன்றைக்கு மறுபடியும் லாரி வந்தது, மறுபடியும் குடங்கள் வரிசையில் நின்றன, மறுபடியும் பழைய சண்டைகள் உயிர்த்தெழுந்தன. தாஹிரா பழைய போர்வைகளைத் திணித்து வைத்திருந்த நீல நிற டிரம்மைக் காலி செய்து, கழுவிக் கவிழ்த்து, நிமிர்த்தி, குடம் குடமாக ஊற்றி நிரப்பினாள். தண்ணீர் டீ நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

ஜஸீமா வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை, குளிக்கவில்லை. அம்மா மிக்ஸி இருந்த பலகைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். பழுப்பேறிய துணி முடிச்சு ஒன்று வந்தது. அதை டிரம்மில் விட்டு, வட்டமாக நாலைந்து சுற்று சுற்றினாள்.

“இன்னாம்மா அது?”

“இன்னாது இன்னாது? படிகாரம்டி. பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறே, இன்னிக்கு புச்சா கேக்குறே.”

உண்மைதான். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். படிகாரத்தைச் சுற்றினால் கலங்கல் அடியில் படியும், மேலே கண்ணாடி மாதிரி தெளியும், அதை மொண்டு குடிப்பார்கள், சமைப்பார்கள். அந்தத் தெருவில் அதற்குப் பெயர் படிகாரம் போட்ட தண்ணீர் அல்ல. தண்ணீர். அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு முன்புகூட அவள் அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டிருந்தாள்: இலை ஊறப்போட்ட பேசின் அதேதானா, சோப்பு எதுவும் மாற்றினாயா, அப்போதைக்கும் இப்போதைக்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா என்று. ஒன்றுமே மாறவில்லை என்று அம்மா சாதித்தாள். குழாய் வந்ததை அவள் மாற்றமாக நினைக்கவில்லை. தெருவே பிரியாணி போட்டுக் கொண்டாடியது, இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தானே. மகளும் அப்படித்தான் நினைத்தாள். மகள் குறைக்கடத்தியில் ஆராய்ச்சி செய்கிறவள்.

படிகாரம் என்பது அலுமினிய உப்பு. துத்தநாக வரிசையில் அலுமினியம் போய் உட்கார்ந்தால் குறை உண்டாகும், மின்சாரம் தாராளமாக ஓடும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிற சங்கதி. ஜஸீமாவே மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறாள். குழாய் வந்த பிறகு வீட்டில் படிகாரத்துக்கு வேலையில்லை, இலை அதில் ஊறவுமில்லை.

அவள் எழுந்து டிரம்மிலிருந்து ஒரு பேசின் தண்ணீர் மொண்டாள்.

அடுத்த சில நாட்கள் அவள் கூடத்திலேயே கிடந்தாள். படிகாரத் தண்ணீரில் ஊறிய இலையில் ஒரு தகடு செய்தாள். கோடு நீண்டது, மூன்று வருஷத்துக்கு முன்பு போனது மாதிரியே, சமர்த்தாக, அலுங்காமல். கண்ணில் தண்ணீர் தளும்பியது. அங்கேயே நிறுத்தியிருந்தால் அன்று ராத்திரியாவது தூங்கியிருப்பாள். ஆனால் அவள் கற்ற கல்வி அவளை விடவில்லை. இலையே இல்லாமல், வெறும் தண்ணீரில் துளி படிகாரத்தை மட்டும் கரைத்து இன்னொரு தகடு செய்தாள்.

அதுவும் நீண்டது. இம்மிகூடக் குறையவில்லை.

பழைய சோதனைப் படங்களைத் தோண்டி எடுத்தாள். பொடியில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் படத்தில், மூன்று வருஷத்துக்கு முன்பே, அலுமினியத்துக்கு ஒரு சின்ன மேடு தெரிந்தது. அப்போதும் பார்த்தார்கள். அந்தக் கருவியில் மாதிரியை ஒட்டிவைக்கிற சின்ன வட்டத் தட்டே அலுமினியத்தில் செய்தது. அதனால் எல்லோர் படத்திலும் அலுமினிய மேடு தெரியும், எல்லோரும் அதைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளுவார்கள். அவளும் தள்ளினாள். உண்மை தன் முகத்தை நேராகவே காட்டியிருக்கிறது, பார்த்துப் பழகிய முகம் என்று இவர்கள்தான் அதைத் துடைத்திருக்கிறார்கள்.

உமரிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. சாம்பலில் நின்று பட்ட பாடெல்லாம் செடிக்கு வெறும் பாடுதான். அதிலிருந்து எந்த மந்திரச் சத்தும் பிறக்கவில்லை. இதைச் சொன்னால் பொய்க்காரி என்ற பெயர் போகும், ஆனால் பட்டமும் போகும். அலுமினியம் சேர்த்தால் நடக்கும் என்பது ஊரறிந்த கதை, அதற்கு எவன் பட்டம் கொடுப்பான்? அவள் ஆய்வின் தலைப்பே உமரி.

சனிக்கிழமை வில்சன் சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் மின்விசிறியைக் கூட்டினார், பிறகு குறைத்தார். கெட்ட மனிதர் அல்ல அவரும். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருக்கிறது, அந்த ஒரு கட்டுரையை வைத்துத்தான் நாலு இடத்தில் மாலை வாங்கியிருக்கிறார். அவள் முகத்தைப் பார்க்காமல் சன்னலுக்கு வெளியே டேங்கர் லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ பொய் சொல்ல வேணாம்மா,” என்றார் கடைசியில். “சொல்லாம இருந்தா போதும். இலையை வழக்கம்போல வீட்ல கழுவிட்டு வா. இத்தனை நாள் ஏன் வரலைன்னு கேட்டா இலையோட பருவம்னு நான் சொல்லிக்கிறேன்.”

அன்பரசனிடம் மட்டும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அவன் மனசில் இருப்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும், ரோஸ்மேரி அம்மா ஒரு பார்வையில் படித்துவிடுவார், எல்லாம் முடிந்து அவர் கிளம்பட்டும், அப்புறம் நிதானமாகச் சொல்லலாம் என்றார். அதில் நியாயம் இருப்பதுபோல ஜஸீமாவுக்குத் தோன்றியது. கழுத்துவரை தண்ணீர் ஏறியவளுக்கு எதில்தான் நியாயம் தோன்றாது? புதன்கிழமை, அந்தம்மா போன கையோடு சொல்லிவிடுவேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

திங்கட்கிழமை இரவு அம்மா தொழுதுகொண்டிருக்கும்போது ஜஸீமாவே அந்தத் துணி முடிச்சை எடுத்து பேசினில் சுற்றினாள். குழாய் சரியாகிவிட்டது, தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. தெளிந்த தண்ணீரில் அவள் படிகாரம் சுற்றுவதைத் தாஹிரா தொழுகைப் பாயிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

“கலங்கலா கீது தண்ணி?”

“ஆமாம்மா,” என்றாள் ஜஸீமா. அம்மாவிடம் அவள் அப்படிப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

செவ்வாயன்று ரோஸ்மேரி வந்தார். அறுபதை நெருங்கும் ஒல்லியான அம்மாள். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சாறு எடுப்பதிலிருந்து பொடி உலைக்குப் போகிறவரை இமை கொட்டாமல் பார்த்தார். உலைக் கதவில் தன் கையெழுத்துப் போட்ட தாளை ஒட்டிவிட்டுப் போனார். புதன்கிழமை காலையில் தாளைக் கிழித்து, பொடியை எடுத்துத் தகட்டில் பூசி, கருவியில் மாட்டினார்கள்.

அன்பரசன் கதவருகே நின்றான். நெற்றியில் விபூதி. வியாசர்பாடியில் அவன் அப்பா புத்தர் படத்துக்கு விளக்கேற்றுகிறவர். இவன் வரும் வழியில் எந்தக் கோயிலில் நுழைந்தானோ.

கோடு ஏறியது. நீண்டது. நீண்டுகொண்டே போனது.

யாரோ கைதட்டினார்கள். வில்சன் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஜஸீமா எதையும் உணரவில்லை. நாற்காலி முனையைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தன, அவ்வளவுதான். இத்தனை மாதம் இது ஏன் வரவில்லை என்று ரோஸ்மேரி கேட்டார். இலையின் பருவம் என்றார் வில்சன் சார், குரல் தடுமாறாமல். சில மாதங்களில் உமரியில் சத்து கூடும், சில மாதங்களில் குறையும், அதை இப்போதுதான் பிடித்தோம். ரோஸ்மேரி ஜஸீமாவைத் திரும்பிப் பார்த்தார். ஜஸீமா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, புன்னகைத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டே அறிக்கையை எழுதுகிறேன் என்று வில்சன் சாரோடு அவர் அறைக்குப் போனார்.

ஜஸீமா முகம் கழுவப் போனாள். கழுவினாள், திரும்பவும் கழுவினாள். அந்தம்மா கிளம்புகிற கார்ச் சத்தத்துக்காகக் காது வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் கதவைத் தட்டினான் அன்பரசன்.

வெளியே வந்தாள். அழுது சிரித்த முகம் அவனுக்கு. அப்படி ஒரு முகத்தை அவனிடம் அவள் பார்த்ததேயில்லை.

“பருவம்க்கா,” என்றான். “ரெண்டு வருசமா அதான் எனக்குத் தெரியல. நான் எந்த மாசம்னு பாக்காம எல்லா மாசத்து எலையும் பசங்களுக்கு குடுத்துகினு இருந்தேன். அதான் ஒண்ணும் தெரியல. நம்ம மேல தப்பில்லக்கா.”

“அன்பு, இரு…”

“எந்த மாசத்து எலைன்னு மட்டும் சொல்லு. இன்னொரு வருசம் ஆனாலும் பரவால்ல, மொதல்லேர்ந்து செய்றேன். ஸ்கூலுக்கு வரலைன்னு சொல்லிட்டேன்.”

“எப்ப சொன்ன?”

“இப்பதான். அந்தம்மா டீ குடிக்கப் போச்சே, அப்ப.”

அவன் கையில் செல்போன் இருந்தது. அதையே பார்த்தாள். பருவம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஐப்பசி என்றோ தை என்றோ ஏதோ ஒரு மாதத்தைச் சொன்னால் போதும், அவன் நம்புவான். அந்த மாதம் வரும்வரை காத்திருப்பான், பிள்ளைகளை ஓடவிடுவான், ரத்தம் எடுப்பான். ஒன்றும் வராது. ராத்திரியெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டு எங்கே தப்பு, எங்கே தப்பு என்று மண்டையை மோதிக்கொள்வான். அந்த வேதனை எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாயிற்று, அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

“அது பருவம் இல்ல அன்பு,” என்றாள். “எலையே இல்ல. படிகாரம்.”

எல்லாவற்றையும் சொன்னாள். டிரம், லாரித் தண்ணீர், இலையில்லாமல் நீண்ட கோடு, எல்லாம். அவள் முடித்த பிறகு அவன் சுவரில் சாய்ந்து, கெட்டுப்போன முழங்காலை நீவிவிட்டுக்கொண்டான்.

“ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“போன வாரத்துலேர்ந்து.”

அவன் போனை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அடித்தான். அவள் பக்கத்திலேயே நின்றாள். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். குரல் வெளியே கேட்டது. நீங்கள் வரவில்லை என்றதும் அடுத்தவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டோம், அவரும் சரி என்றுவிட்டார், மன்னிக்க வேண்டும் என்றாள். பரவாயில்லை மேடம் என்று அவனும் மரியாதையாகச் சொல்லி வைத்தான்.

“அர மணி நேரம் முன்னாடி சொல்லிருக்கலாமேக்கா,” என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் திட்டவில்லை. நெற்றி விபூதியைப் புறங்கையால் துடைத்துவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்துப் படியிறங்கிப் போனான். எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த காற்றில் கூடத்துக் கதவு ஒன்று அடித்துக்கொண்டிருந்தது.

அந்தம்மாவின் கார் இன்னும் வாசலிலேயே நின்றது. டிரைவரைக் கூப்பிட ஆள் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கழிவறையில் நின்றிருந்தால் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அவளும் ஒரு டாக்டர் ஜஸீமா ஆகி, பெயர்ப்பலகை மாட்டி, அடுத்த அன்பரசனுக்கு நெறியாளராக உட்கார்ந்திருப்பாள். வில்சன் சார் அறையை நோக்கி நடந்தாள். ஒவைஸ் நினைவுக்கு வந்தான், பெரியவர்கள் உட்கார்ந்து கேட்டது நினைவுக்கு வந்தது, கூடமா குடும்பமா. பயமாகத்தான் இருந்தது. கதவைத் தட்டாமலே திறந்தாள்.

ரோஸ்மேரி எழுதி முடித்துப் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே வில்சன் சாருக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

“மேடம், எல இல்லாமலும் அது வரும்,” என்றாள்.

ரோஸ்மேரி அவளை மேலும் கீழும் பார்த்தார். எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தார். உட்காரச் சொல்லி, அவசரமில்லை, முதலிலிருந்து சொல் என்றார்.

ஜஸீமா உட்கார்ந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கல்லூரித் தமிழில் ஒரு வாக்கியத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

“எங்க வூட்ல ஒரு நீலக் கலர் டிரம் கீது மேடம்,” என்று தொடங்கினாள்.